ஒழுகும் குழாயில் ஒரு கணக்குப் பாடம்

பெற்றோர் கூட்டம் முடிந்து பள்ளி வாசலில் வண்டியை எடுக்கும்போதுதான் உண்மையான விமர்சனம் வெளியே வரும். "டெர்ம் பூரா சஸ்டைனபிலிட்டியாம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடை ஷட்டரைத் தட்டி தெர்மாகோல் வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம். பிள்ளைக்கு எட்டாம் வாய்ப்பாடு இன்னும் வரலை." பக்கத்தில் நிற்பவரும் தலையாட்டுவார். ஒரு பருவம் முழுவதையும் சுற்றுச்சூழல் என்ற ஒரே தலைப்பில் கோத்து நடத்தும் வழக்கம் பள்ளிகளில் பரவப் பரவ, இந்தப் பேச்சும் பொதுக் கருத்தாகவே ஆகிவிட்டது. சின்ன வகுப்புப் பிள்ளை இதில் கற்பது சார்ட் ஒட்டுவதையும் கோஷம் போடுவதையும்தான், வேறொன்றும் இல்லை என்பது அதன் சாரம்.

தெர்மாகோல் குற்றச்சாட்டை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகை ஒருமுறைப் பொருள்களில் தெர்மாகோல் தட்டும் குவளையும் உண்டு. அதே தெர்மாகோலை வெட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று எழுதி நிறுத்துவது கேலிக்கூத்துதான். அந்த மாதிரியில் பிள்ளை எதையும் கற்பதில்லை. அப்பாதான் கட்டர் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார். ஆனால் கண்காட்சி நாளை வைத்துப் பருவம் முழுவதையும் எடைபோடுவது, ஆண்டு விழா நடனத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப் பாடத்துக்கு மதிப்பெண் போடுவதைப் போன்றது.

சுற்றுச்சூழல் பாடம் கட்டணம் வாங்குவதற்காகப் புதிதாகக் கிளம்பிய மோஸ்தர் என்பதும் சரியில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று, பள்ளி தொடங்கிக் கல்லூரி வரை சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பையிலும் 'சூழ்நிலையியல்' இருக்கிறது.

அடுத்து வருவது கனமான வாதம். வாசிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு நீர் மேலாண்மை எதற்கு என்று கேட்கிறார்கள். தடுமாற்றம் உண்மை. பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் ஆய்வின் 2024-ம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டின் ஊரக அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் விட்டுப்போனதைப் பிடிக்கத்தான் தமிழ்நாடு அரசு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. இதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் கோளாறு இருக்கிறது. சுற்றுச்சூழலுக்குக் கொடுக்கும் மணி, கணக்கிலும் தமிழிலும் இருந்து பிடுங்கிய மணி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கை கழுவும் இடத்தில் சொட்டிக்கொண்டிருக்கும் குழாய் இல்லாத பள்ளி அநேகமாகக் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் கீழே 250 மில்லி டம்ளரை வைக்கிறார்கள். நிரம்ப ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி வேலை கரும்பலகையில். நாளுக்கு 24 டம்ளர், அதாவது 6 லிட்டர். முப்பது நாளில் 180 லிட்டர். வீட்டில் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்றால், 12 குடம். பெருக்கல், வகுத்தல், மில்லியை லிட்டராக மாற்றுவது எல்லாம் ஒரே குழாயில் முடிந்துவிட்டது. பிறகு தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், பொருள், 'ஐயா' என்று தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும் அதே விண்ணப்பம்தான். இந்த முறை அதைப் படிக்க ஒருவர் இருக்கிறார். பிளம்பர் வந்து பழைய வாஷரைக் கழற்றிக் கையில் கொடுத்தால், கடிதம் எழுதினால் காரியம் நடக்கும் என்பதையும் பிள்ளை பார்த்துவிடும். வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு வாய்ப்பாட்டுக்கு ஒரு வேலை கொடுத்ததைத் தவிர, இதில் யாருடைய நேரத்தையும் யாரும் திருடவில்லை.

சென்னைப் பள்ளி என்றால் பன்னிரண்டு குடம் எவ்வளவு என்பதை விளக்க வேண்டியதே இல்லை. 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. ஒரு வேகனுக்கு எத்தனை லிட்டர்? அதுவும் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

'அந்த வயசுக்கு என்ன புரியும்' என்பவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே நான்காம் வகுப்புச் சமூகப் பாடத்தில் குப்பையும் குடிநீரும் தனித்தனிப் பகுதிகள். பாடத்தோடு குப்பை எரிக்கும் ஆலைக்கும் அழைத்துப் போகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பல மாடி ஆழத்துக் குழி, அதில் ஊர்க் குப்பை, மேலே தொங்கும் கிரேன் ஒரு பிடியில் ஒரு லாரி அளவுக்கு அள்ளித் தூக்குகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 'கழிவு மேலாண்மை' என்ற சொல் புரியாமல் போகலாம். வீட்டு வாசலில் வைத்த பை எங்கே போகிறது என்பது நன்றாகவே புரியும்.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு வாதம் வருகிறது, பெரும்பாலும் படித்த, சமூக அக்கறையுள்ள பெற்றோரிடமிருந்து. ஆலைக்காரனை விட்டுவிட்டு, பல் துலக்கும்போது குழாயை மூடு என்று குழந்தையின் தலையில் பொறுப்பைக் கட்டுகிறார்கள். அரசியலே இல்லாத சுற்றுச்சூழல் இது என்கிறார்கள். பல பள்ளிகளில் நடப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. அதற்காகத் தொடக்கப் பள்ளியில் வேறு மாதிரி முடியாது என்று சொல்லிவிட முடியாது. 2005-ம் ஆண்டு தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டு, பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த 'லுக்கிங் அரவுண்ட்' ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். அணைக்காக ஊரையே காலிசெய்து, கொடுத்த புது ஊரில் ஒட்ட முடியாமல் மும்பைக்குப் போகும் ஜாத்ரியாபாய் என்பவரின் கதை ஒரு பாடம். காடு யாருக்குச் சொந்தம் என்று தலைப்பிலேயே கேட்கும் பாடத்தில் ஜார்க்கண்டின் பழங்குடிப் பெண் சூர்யமணி வருகிறார். சாக்கடை அள்ளும் வேலையை யார் செய்வது, ஏன் அவர்களே செய்ய வேண்டும் என்று இன்னொரு பாடம் நேராகக் கேட்கிறது. சிறுவயதில் கோரேகானில் அம்பேத்கர் பட்ட தீண்டாமை அனுபவமும் அதில்தான் வருகிறது.

பத்து வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் வாசித்தார்கள், பேசினார்கள். குழாயை மூடு என்பதோடு நிறுத்திக்கொண்டது பாடப்புத்தகம் அல்ல. அந்தப் பாடங்களை 'தேர்வுக்கு முக்கியமில்லை' என்று தள்ளிவிட்டுப் போன வகுப்புகள்தான்.

சுற்றுச்சூழல் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள் என்ற புகாரில் பாதி நியாயம். உருகும் பனிப்பாறையையும் செத்த ஆமையையும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் காட்டக் கூடாது. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996-லேயே, நான்காம் வகுப்புக்கு முன்னால் பேரழிவுக் கதைகள் வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஆனால் இந்தப் புகாருக்கு ஆதாரமாக நீட்டப்படும், பருவநிலை மாற்றம் பற்றிய இளையோரின் கவலையை அளந்த 2021 லான்செட் ஆய்வு, இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் எடுக்கப்பட்டது. அவர்களின் மனவேதனை, அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்ற எண்ணத்தோடு சேர்ந்தே இருந்தது. ஒன்றாம் வகுப்பில் வேப்பமரத்துக்கு அடியில் இலை பொறுக்கும் பிள்ளையை அந்த ஆய்வின் கணக்கில் சேர்ப்பதற்கு இடமே இல்லை.

மிச்சமிருப்பது, வீட்டில் ஒன்றும் மாறப்போவதில்லை என்ற சலிப்பு. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். செஷல்ஸ் தீவுகளில் பள்ளி வனவிலங்கு மன்றங்களில் ஈரநிலம் பற்றிக் கற்ற பிள்ளைகளின் பெற்றோரை ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். 2013-ல் வெளியான முடிவின்படி, அந்தப் பெற்றோருக்கு மற்றவர்களைவிட ஈரநிலம் பற்றி அதிகம் தெரிந்திருந்தது. வீட்டில் தண்ணீரைச் செலவழிப்பதிலும் கூடுதல் கவனம் இருப்பதாகச் சொன்னார்கள். வடக்கு கலிஃபோர்னியாவில் 30 சாரணச் சிறுமியர் குழுக்களை வைத்து நடத்திய சோதனை இன்னும் சுவையானது. வீட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கற்றுக்கொடுத்த குழுக்களில், ஏழு மாதம் கழித்தும் சிறுமிகளின் பழக்கம் நிலைத்திருந்தது. சாப்பாட்டையும் பயணத்தையும் பற்றிக் கற்றுக்கொண்டவர்களிடம் மாற்றம் அவ்வளவு நாள் நிற்கவில்லை. நிற்காததில் வியப்பில்லை. சுவிட்ச் பிள்ளையின் கைக்கு எட்டும். என்ன சமைப்பது, காரை எடுப்பதா பஸ்ஸில் போவதா என்பதை அப்பா அம்மாதான் முடிவு செய்கிறார்கள். ஆகவே எதைப் பாடமாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது என்றுதான் இந்த ஆய்வுகளிலிருந்து சொல்ல முடியும்.

ஒரே பருவத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களிடம் மட்டும் முழுதாகச் சண்டை போட முடியாது. கேரளத்தில் 'சீசன்வாட்ச்' திட்டத்தில் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் ஒரே மரத்தை வாரம் தவறாமல் பார்த்து, தளிர், பூ, காய் எவ்வளவு என்று குறித்துவைக்கிறார்கள். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை முன்கூட்டியே பூக்கிறதா என்ற கேள்விக்கு விடை அத்தகைய குறிப்பேடுகளில்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு ஒரு வருடம்கூடப் போதாது. பருவம் முடிந்ததும் குறிப்பேட்டைக் கட்டிப் பரணில் போடும் பள்ளி அதைத் தொடவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2012-13 முதல் இருக்கும் முப்பருவ முறைக்குள் அடங்குகிற பாடங்களும் உண்டு. இரண்டாம் பருவம் அக்டோபரில் தொடங்கும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைக் கொட்டும் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். பக்கவாட்டுச் சுவர் நேராக இருக்கும் ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும் இருந்தால் மழைமானி தயார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் உள்ள வகுப்பறைக் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 2,400 லிட்டர், அதாவது 160 குடம். சென்னை என்றால், மறுநாள் செய்தித்தாளில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழை அளவுகளைப் பார்த்து, நம் டப்பாவில் ஏன் வேறு எண் என்று வகுப்பில் சண்டை போடலாம். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால், அந்த 160 குடம் எங்கே போனது என்று கூரையிலிருந்து இறங்கும் குழாயின் பின்னாலேயே போய்ப் பார்க்கவும் பிள்ளைகளை அனுப்பலாம். சில கட்டடங்களில் குழாய், உறைகிணற்றுக்கு ஆறடி தள்ளியே தரையில் முடிந்திருக்கும். ஒரு எல்போவும் அந்த ஆறடிக்கு பிவிசி குழாயும் வாங்கினால் வேலை முடிந்தது.