காத்து எறங்கினா வண்டி எங்கே நிக்கும்?

போன லீவுக்குத் தலவாக்கலைக்கு வந்தப்போ சித்தப்பா எனக்கு ஒரு வேலை வச்சிருந்தார். அவர் ஒரு சுற்றுலா பங்களாவுக்கு லேண்ட்ரோவர் டிஸ்கவரி 3 ஓட்டுறார். தோட்டத்து ரோட்டுல வண்டி அடி தட்டுது. அதனால உயரத்தை நினைச்ச மாதிரி ஏத்தி இறக்குற கன்ட்ரோலர் ஒண்ணு பூட்டலாம்னு முதலாளி சொல்லியிருக்கார். "நீதானே இங்கிலீஷ்ல வாசிப்ப, எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு" என்றார் சித்தப்பா. கலைப்பீடத்துப் பிள்ளைக்கு வந்த சோதனை!

ஒரு கிழமை வாசிச்ச பிறகு எனக்கு ஒரு முடிவு வந்துச்சு. இந்தக் கருவிகள் என்னென்ன வித்தை காட்டும்னு பார்த்து மலைநாட்டுல வாங்கக் கூடாது. பழுதானா வண்டியை எந்த நிலையில விட்டுட்டுப் போகும்னு பார்த்துத்தான் வாங்கணும்.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடுறேன். சாதாரண வண்டியில ஸ்பிரிங் செய்யுற வேலையை இதுல ரப்பர் காத்துப் பை செய்யுது. ஒரு கம்ப்ரஸர் காத்தை அடைக்கும், வால்வுகள் பிரிச்சு அனுப்பும், ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் இருக்குற சென்சார் உயரத்தை அளந்து வண்டியின் கணினிக்குச் சொல்லும். ரேஞ்ச் ரோவரில் இது 1992லேயே வந்துடுச்சு. டிஸ்கவரி 3ல ஆஃப்ரோட் பட்டனை அமுக்கினா ஏறக்குறைய 55 மில்லிமீட்டர் உயரும். வேகம் 50 கிலோமீட்டர் பக்கம் போனா தானே இறங்கிடும். இந்த வேகக் கட்டுப்பாடு பிடிக்காமத்தான் நிறைய பேர் வெளிக் கன்ட்ரோலர் தேடுறாங்க.

சந்தையில இருக்குறதை நாலு வகையாப் பிரிக்கலாம்.

மலிவானது, சென்சாரோட சேர்ந்த கம்பியை மட்டும் மாத்துறது. கம்பியின் நீளம் மாறினதும் வண்டி தாழ்ந்திருக்குன்னு கணினி ஏமாந்து, உயர்த்திடும். வயரிங் வேலை இல்லை. ஆனா கம்பியைக் கழட்டுற வரைக்கும் ஹட்டன் ரோட்டு வளைவுலயும் வண்டி அதே கூடுதல் உயரத்துலதான் ஓடும். உயரம் கூடக் கூட வளைவுல சாய்வும் கூடும்.

இரண்டாவது, சென்சாருக்கும் கணினிக்கும் நடுவுல பூட்டுற சின்னப் பெட்டி. ஆஸ்திரேலியாவின் லாம்ஸ் இந்த வகை. இதுவும் கணினியை ஏமாத்துறதுதான், ஆனா வேணும்னா மட்டும். சுவிட்சை அணைச்சா வண்டி பழையபடி ஆயிடும்.

மூன்றாவது, முழுசாப் புது மூளை. ஏர் லிஃப்ட் கம்பெனியின் 3பி, 3எச் போன்றவை. போன்லயே ஏத்தி இறக்கலாம், பார்க்க ஆசையாத்தான் இருக்கு. இதுல 3பி அழுத்தத்தை மட்டும் அளக்குது. அழுத்தமும் உயரமும் ஒண்ணு இல்லை. பின்சீட்டுல நாலு பேர், மேல ரெண்டு மூட்டைன்னு ஏறினா, அதே அழுத்தத்துல பின்பக்கம் தாழ்ந்துடும். முன்விளக்கு மேல தூக்கிக்கும். பனிமூட்டத்துல எதிர்ல வர்ற பஸ் டிரைவர் கண்ணுல அந்த வெளிச்சம் அடிச்சா என்ன ஆகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லித் தரணுமா? 3எச் உயரத்தையும் சேர்த்து அளக்குறதால இந்தக் குறை அதுல இல்லை. ஆனா சென்சார், வயர், சாஃப்ட்வேர்னு பழுதாகக்கூடிய இடங்கள் கூடிப்போகும்.

நான்காவதை யாரும் பெருசாப் பேசுறதில்லை. இருக்குற ஸ்பிரிங்குக்குத் துணையா வைக்கிற சின்னக் காத்துப் பை. இதுக்கு டயருக்கு அடிக்கிற காத்தே போதும், கன்ட்ரோலர்னா ஒரு மீட்டரும் வால்வும்தான். இடது, வலதுக்குத் தனித்தனிக் குழாய் போடணும். ஒரே குழாய்னா, வளைவுல அமுங்குற பையிலிருந்து காத்து மற்றதுக்கு ஓடி வண்டி இன்னும் சாயும். பை வெடிச்சாலும் ஸ்பிரிங் தாங்கும், மெதுவா வீட்டுக்கு வந்துடலாம்.

இப்ப நம்ம ஊரை யோசிங்க. தலவாக்கலை ஏறக்குறைய 1200 மீட்டர் உயரத்துல இருக்கு. இங்கே காத்தழுத்தம் கடல்மட்டத்தை விட எட்டில் ஒரு பங்கு குறைவு. கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடணும். மழையும் மூடுபனியும் கொண்டுவர்ற ஈரம், காத்தை உலர்த்துற பகுதியை நனைச்சு வால்வுகளைக் கெடுக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்துச்சு. அதனால ஓடுற வண்டிகளும் பழசு, ரப்பரும் பழசு. வெடிச்ச பைக்கு எந்தக் கன்ட்ரோலரும் மருந்தில்லை. வண்டி அடிவரைக்கும் இறங்கி, மெதுவாப் போன்னு எச்சரிக்கை காட்டும். மேடுபள்ளமான தோட்டத்து ரோட்டுல அதுக்கப்புறம் மெதுவாக்கூடப் போக முடியாது.

ராத்திரி ரெண்டு மணிக்கு லயத்துல ஒருத்தருக்கு வலி வந்தா, பக்கத்துல எந்த வண்டி இருக்கோ அதுதான் ஆம்புலன்ஸ். சித்தப்பா வண்டியும் அப்படி லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. அந்த நேரத்துல போன் ஆப் கனெக்ட் ஆகலைன்னு நிக்க முடியுமா?

"ரோட்டை ஒழுங்காப் போட்டா இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பீங்க. நியாயம்தான். அந்தக் கேள்வியை நாம கேட்டுக்கிட்டே இருக்கணும். ஆனா ரோடு வர்ற வரைக்கும் வண்டி ஓடணுமே.

என் தீர்ப்பு இதுதான்: ஸ்பிரிங் உள்ள பிக்கப், வேனுக்கு நான்காவது வகை. டிஸ்கவரிக்கு இரண்டாவது, அதுவும் பைகளையும் கம்ப்ரஸரையும் சோதிச்சு, கசிவை அடைச்ச பிறகு. எதைப் பூட்டினாலும் டயர் மாத்துறப்போ சிஸ்டத்தை அணைச்சுட்டு, ஸ்டாண்ட் வைக்காம வண்டிக்கு அடியில போகாதீங்க. காத்தை நம்பிப் படுக்கக் கூடாது.

எல்லாத்தையும் கேட்டுட்டு சித்தப்பா ஒண்ணுதான் சொன்னார்: "அப்போ அந்தப் பெட்டியை நம்ம டவுன் கராஜ்ல கழட்டத் தெரியுமான்னு முதல்ல கேட்போம்." ஒரு கிழமை வாசிச்சும் எனக்குத் தோணாத கேள்வி அது. அடுத்த நாள் காலையிலேயே கராஜுக்குப் போனோம்.