சொல்லும் எழுத்தும்

1916-ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கைக்குக் கால்கொண்டார். அதே ஆண்டில், இலண்டன் நிலத்தடித் தொடர்வண்டி நிலையங்களுக்கென எட்வர்டு சான்சுடன் வரைந்த எழுத்துரு வழக்குக்கு வந்தது. உரோமன் எழுத்தின் நுனிகளில் ஒட்டிக்கிடந்த கொடுக்குகளைக் களைந்து, கோட்டின் பருமனை ஏறக்குறைய ஒருசீராக்கி, வண்டியிலிருந்து நோக்குவார்க்கும் ஊர்ப்பெயர் நொடியில் விளங்குமாறு அமைந்த வடிவு அது. பல்லாவரத்துப் பணி சொல்லின்மேற் படிந்த அயற்பூச்சைத் துடைத்தது. இலண்டன் பணி எழுத்தின்மேற் படிந்த வெற்றணியைத் துடைத்தது. இரண்டிற்கும் தொடர்பில்லை. ஆயினும், சொல்லைத் தூய்மை செய்யத் துணிந்த தமிழர், அச்சொல் உடுத்து வரும் எழுத்தின் வடிவைப் பேணினரா என்னும் வினா இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குவார் உள்ளத்தில் எழாமற் போகாது.

கொடுக்கில்லா ஒருசீர்க்கோட்டு எழுத்தை மேலையர் புதுமை என்று சிலர் கருதுவர். உரோமன் எழுத்திற்கு அது பொருந்தும்; தமிழுக்குப் பொருந்தாது. எழுத்தாணி ஓலையிற் கீறிய கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருவதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமனே. தமிழெழுத்திற்குக் கொடுக்கும் இயல்பன்று. எனவே ஒருசீர்க்கோட்டு வடிவு தமிழெழுத்திற்கு இரவல் உடையன்று, பழைய ஓலையுடையே.

எனினும், எளிமை வேறு, வறுமை வேறு. 'தாம்பரம்' என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்க. அதில் காலும் உண்டு, ரகரமும் உண்டு. ஓலைச் சுவடிகளில் இவ்விரண்டும் ஒரே வடிவில் நின்று படிப்போரை மயக்கின. ரகரத்தின் அடியில் உள்ள சாய்கோடே இன்று இரண்டையும் பிரிக்கின்றது. எளிமை செய்வதாக எண்ணி அக்கோட்டைக் குறுக்கிவிட்டால், ஊர் 'தாம்பாம்' ஆகிவிடும்! செம்பாக்கத்தின் குறிற்கொம்பையும் சேலையூரின் நெடிற்கொம்பையும் பிரிப்பது ஒரு சிறு சுழியே. வண்டலூரின் ணகரச் சுழிகள், தடித்த வடிவில் மையடைத்துக் கரும்புள்ளியாகிவிடக் கூடாது. பழவந்தாங்கலின் ழகரத்திற்கு அடியில் இடம் வேண்டும். 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது முதல், இப்பாதையிற் செல்வார்க்கு ஊர்ப்பெயரைக் கண்ட நொடியிற் படிப்பது நாள்தோறும் நேரும் தேவை. எதைக் களையலாம், எதைக் களையலாகாது என்று அறிந்தவனே எழுத்து வரைவான்.

அவ்வறிவோடு அமைந்த ஓர் எழுத்துருவைச் சுட்டுதல் தகும். பிரியா இரவிச்சந்திரன் வடித்த 'கட்டுமரம்' அது. ஒருசீர்க்கோட்டில் அமைந்த தமிழும், அதற்கிணையான கொடுக்கில்லா உரோமனும், மெல்லிழை முதற் பெருந்தடிப்பு வரை ஒன்பது பருமன்களில் அதில் உள. யாவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். தமிழ்ச்சொல்லாகிய கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்து 'கேட்டமரான்' எனத் திரிந்தது. அத்திரிந்த வடிவே இவ்வெழுத்துருவின் பெயராக உலகெங்கும் வழங்குகின்றது. தமிழராவது அதைக் கட்டுமரம் என்றே அழைக்கட்டும். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் வடித்த 'இணைமதி' ஆப்பிள் கணிப்பொறிகளில் இடம்பெற்றதும் நினையத்தக்கது.

இத்தகைய வடிவுகள் பெயர்ப்பலகைக்கும், தலைப்பிற்கும், சுவரொட்டிக்கும், கைப்பேசித் திரைக்கும் ஏற்றவை. மெல்லிழைப் பருமனைச் சிற்றெழுத்தில் மலிவுத்தாளில் அச்சிட்டால் கோடு அற்றுப்போகும். அவ்விடத்திற்கு நடுத்தரப் பருமனே தக்கது. இடமறிந்து ஆள்வதும் எழுத்தறிவேயாகும்.

இனி, தாம்பரம் கடைத்தெருவை நோக்குக. பெயர்ப்பலகையில் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3 பங்கு, பிறமொழி 2 பங்கு என்று அரசு அளவு வகுத்துள்ளது. அவ்வளவைப் புறக்கணித்த பலகைகள் ஒருபுறம் இருக்க, அளவைக் காத்த பலகைகளிலும் தமிழின் நிலை என்ன? ஆங்கிலத்திற்குத் தேர்ந்த எழுத்துரு. தமிழுக்கோ கணிப்பொறியிற் கைக்கு வந்த எழுத்துரு! இடம் நிரம்பவேண்டி அதைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகின்றனர். இழுத்த எழுத்தில் நிமிர்கோடு பருத்துக் கிடைக்கோடு மெலிந்து நிற்கும், வட்டம் நசுங்கும். கட்டுமரத்தில் ஒருபுறம் உருண்ட மரமும் மறுபுறம் ஒடிந்த குச்சியும் கட்டினால் கடலோட முடியுமா? பலகையைக் காணும் சிறுவன், அழகு ஆங்கிலத்திற்கு உரியது, தமிழ் கடமைக்கு எழுதப்படுவது என்றே கற்றுக்கொள்வான். எந்தச் சட்டமும் தடுக்காத இழப்பு இது.

கடைக்காரரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. தமிழ்ப் பற்றாளர் வெளியிடும் துண்டறிக்கைகளும் மாநாட்டுப் பதாகைகளும் பல, ஐந்தாறு எழுத்துருக்கள் முட்டி மோதும் களமாய் இருக்கின்றன. உள்ளே தூயதமிழ், மேலே கந்தலாடை! இது தகுமா?

தமிழ் அமைப்பு ஒவ்வொன்றும் தன் வெளியீடுகளுக்கு ஓரிரு நல்ல எழுத்துருக்களைத் தேர்ந்து நிலையாக ஆளட்டும். பலகை எழுதுவோரிடம் எழுத்தை இழுக்கவும் நசுக்கவும் வேண்டா என்று எடுத்துரைக்கட்டும். புதிய எழுத்துரு வடிக்கும் இளைஞர்க்குப் பொருளுதவி செய்யட்டும். ஓர் எழுத்துரு பல திங்கள் உழைப்பில் உருவாவது. பாராட்டுரை மட்டும் அவர்தம் அடுப்பை எரிக்காது.

சொல்லைக் காத்தவர் எழுத்தையும் காக்கட்டும். மொழி செவிக்கு ஒலியாய் வருவது போலவே, கண்ணுக்கு வடிவாய் வருகின்றது. அவ்வடிவு குலைந்தால், படிப்பவன் உள்ளத்தில் மொழியின் மதிப்பும் குலையும்.