பட்ட மரம் துளிர்க்காது

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று சர்க்காரே அறிவித்தது. நெல்லோடு தென்னையும் கருகிற்று. நெல்லை அடுத்த மழையில் விதைக்கலாம். பட்ட தென்னைக்குப் பதில் நட்ட கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாகும்.

கொல்லையில் நிற்கும் தென்னை உழைப்பாளி குடும்பத்தின் சொத்து. வறட்சி வந்தால் அதைக் காப்போம். நீர் உறிஞ்சும் வேர்கள் மரத்தைச் சுற்றி ஆறடிவரை பரவியிருக்கின்றன. அந்த அளவுக்கு வட்டப்பாத்தி கட்டி, குளித்த நீரையும் அரிசி களைந்த நீரையும் மாலையில் விடுவோம். மட்டையும் சருகும் போட்டு மூடுவோம்.

ஆனால், குடிநீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில் மரத்துக்கு ஏது நீர்? ஏரி குளங்களைத் தூர்வார வேண்டும். பட்டா இல்லாத மனையில் பட்ட மரத்துக்கும் நஷ்டஈடு வேண்டும். ஒன்றுபட்டுக் கேட்போம்!