கார்ட்டூன்தானே, அதுக்கு எதுக்கு இசைத்தட்டு?

‘சின்னப் பசங்க பார்க்கிறதுதானே, இது போதும்!’ இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை மட்டமான சரக்கைக் குழந்தைகள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் ஒரு லாரி பத்தாது. உப்புச்சப்பில்லாத கதை, அவசரத்தில் வரைந்த படம், ஏற்கெனவே எதற்கோ வாசித்து வைத்த இசை. இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. அதே குழந்தைகளுக்காக யாராவது முதல் தரமாக வேலை செய்துவிட்டால், அதையும் ‘பசங்க சமாச்சாரம்’ என்று பரணில் தூக்கிப் போட்டுவிடுவது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ என்ற கார்ட்டூன் தொடர் 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. 1995 வரை 85 எபிசோடுகள். அதன் பின்னணி இசை முறையான ஆல்பமாக வந்தது எப்போது தெரியுமா? 2008-ல்! லா-லா லேண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன கம்பெனி இரண்டு சிடிக்களாக வெளியிட்டது. மொத்தம் 3000 பிரதிகள். இசையமைத்த ஷர்லி வாக்கர் அதைப் பார்க்கவில்லை. அவர் 2006 நவம்பர் 30-ம் தேதி இறந்துவிட்டார். வயது 61.

பதினாறு வருஷத் தாமதம். இதை யாரோ மறந்துபோனதால் நடந்த விபத்து என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குழந்தைகளின் கலையை என்ன விலைக்கு மதிக்கிறார்கள் என்பதற்கு இதுதான் ரசீது.

முதலில், யார் இந்த ஷர்லி வாக்கர்? பேட்மேன் கார்ட்டூன் இசை என்றதும் பல பேர் டக்கென்று சொல்லும் பெயர் டேனி எல்ஃப்மேன். டைட்டிலில் வருவது அவருடைய மெட்டுதான், 1989-ல் வந்த டிம் பர்ட்டன் படத்தின் மெட்டைத் தழுவியது. மறுப்பில்லை. ஆனால் டைட்டில் முடிந்த பிறகு கேட்பதெல்லாம் வாக்கரும் அவருடைய குழுவும் எழுதியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 1989 படத்தில் எல்ஃப்மேனின் இசைக்கு ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால் நின்று நடத்தியவரும் இதே வாக்கர்தான்.

பள்ளிக்கூட வயதிலேயே சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியுடன் பியானோ வாசித்தவர். 1979-ல் வந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்துக்கு சிந்தசைசர் வாசித்தவர். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோ படம் ஒன்றுக்குத் தனி ஆளாக இசையமைத்துத் திரையில் பெயர் வாங்கிய முதல் சில பெண்களில் ஒருவர். 1992-ல் வந்த அந்தப் படத்தின் பெயர் ‘மெமாய்ர்ஸ் ஆஃப் அன் இன்விசிபிள் மேன்’. கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றிய படம்! ஹாலிவுட்டில் ஒரு பெண் இசையமைப்பாளரின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது.

இப்போது அவர் செய்த வேலையைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்து டிவி கார்ட்டூன்களில் இசை என்பது பெரும்பாலும் சமையல்கட்டு டப்பா மாதிரி. துரத்தலுக்கு ஒரு டப்பா, பயத்துக்கு ஒரு டப்பா, காமெடிக்கு ஒரு டப்பா. ஒரு தடவை பதிவு செய்து வைத்துக்கொண்டு எபிசோடுக்கு எபிசோடு எடுத்துத் தூவிக்கொண்டே இருப்பார்கள். ஃபில்மேஷன் மாதிரியான கம்பெனிகள் இப்படித்தான் வருஷக்கணக்கில் ஓட்டின. பேட்மேன் தொடரில் அப்படிச் செய்யவில்லை. எபிசோடு ஒவ்வொன்றுக்கும் காட்சியைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுதி, நிஜமான வாத்தியக்காரர்களை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு, வயலினும் செல்லோவும் ட்ரம்பெட்டும் சேர்ந்த சிம்பொனி இசை!

எல்ஃப்மேன் மெட்டு கையில் இருந்தும் வாக்கர் அதன் மேல் சாய்ந்துகொள்ளவில்லை. பேட்மேனுக்குத் தன்னுடைய மெட்டு ஒன்றை எழுதினார். ஜோக்கருக்கு சர்க்கஸ் கூடாரத்தின் வாசனை அடிக்கும் ஒரு மெட்டு. வில்லன்கள் ஆளுக்கொரு இசை அடையாளத்தோடு வந்தார்கள். ‘பெர்சான்ஸ் டு ட்ரீம்’ என்று ஒரு எபிசோடு. கண் விழிக்கும் புரூஸ் வெய்னுக்கு எல்லாமே கிடைத்திருக்கிறது. கொல்லப்பட்ட அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்கள், பேட்மேன் வேஷத்தில் வேறு யாரோ திரிகிறார்கள். அவ்வளவும் பொய், ஒரு கனவு. படம் சந்தோஷத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ‘ஏதோ சரியில்லை’ என்று பார்க்கிற எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு இசையின் தலையில்! இதை டப்பாவிலிருந்து எடுத்துத் தூவ முடியுமா?

இந்தத் தொடருக்கு முன்னணியில் நின்ற புரூஸ் டிம், எரிக் ராடோம்ஸ்கி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பின்னணி ஓவியங்களைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள் என்ற தகவல் ரசிகர்களுக்கு மனப்பாடம். வரைந்த தாளின் நிறம் வரை தெரிந்த உலகத்துக்கு, இசை எழுதியவர் பெயர் தெரியாது!

இனி சாக்குகளுக்கு வருவோம்.

சாக்கு ஒன்று: ‘கார்ட்டூன் பின்னணி இசையைத் தனியாக யார் கேட்பார்கள்?’ இதற்குப் பதில் அதே ஸ்டுடியோவிடம் இருக்கிறது. 1993 டிசம்பரில் இதே தொடரை ஒட்டி ‘பேட்மேன்: மாஸ்க் ஆஃப் தி ஃபேண்டஸம்’ என்ற படம் வந்தது. முதலில் வீடியோவுக்கென்று திட்டமிட்டுப் பிறகு தியேட்டருக்கு மாற்றிய படம். இசை அதே வாக்கர். தொடருக்கு எழுதிய அதே பேட்மேன் மெட்டு. டைட்டிலில் ஒரு கோரஸ் லத்தீன் மாதிரி ஏதோ கம்பீரமாகப் பாடும். உண்மையில் அது தயாரிப்பில் வேலை செய்தவர்களின் பெயர்களைத் தலைகீழாக எழுதிப் பாடவைத்தது! படம் தியேட்டரில் சரியாக ஓடவில்லை. ஆனாலும் இசை ஆல்பம் 1993-லேயே வந்துவிட்டது. ஆக, அதே ஆள், அதே மெட்டு. தியேட்டரில் வந்தால் உடனே ஆல்பம், சாயங்கால டிவியில் வந்தால் 2008 வரை காத்திரு. இசையில் தராதரம் பார்த்தார்களா, இடத்தில் தராதரம் பார்த்தார்களா?

சாக்கு இரண்டு: ‘செலவு கட்டுப்படியாகாது.’ இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி, படத்துக்கோ தொடருக்கோ வாசித்ததை ஆல்பமாக விற்றால் வாசித்தவர்களுக்கு மறுபடியும் பணம் கொடுக்க வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல ஹாலிவுட் இசை ஆல்பங்கள் அரை மணி நேரத்தோடு முடிந்துபோனதற்கு இந்தக் கட்டணமும் ஒரு காரணம். வாசித்தவர்களுக்குப் பணம் போவது சரிதான், அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் இதே தொடரின் பெயரில் கென்னர் கம்பெனி விதவிதமாகப் பொம்மை போட்டு விற்றதே! பேட்மேன் பொம்மைக்கு உலோகச் சாயம் பூசி இன்னொரு பொம்மையாக விற்க வழி தெரிந்த வியாபாரத்துக்கு, அரை மணி நேர ஆல்பம் ஒன்று போட மட்டும் வழி தெரியவில்லையா?

சாக்கு மூன்று: ‘வாங்க ஆள் இல்லை.’ 2008-ல் வந்த முதல் தொகுப்போடு கதை முடியவில்லை. 2012-ல் இரண்டாவது வந்தது, அதன் பிறகும் தொடர்ந்தது. ஆள் இல்லாத கடையில் யாராவது மறுபடி மறுபடி டீ ஆற்றுவார்களா? 1992-ல் டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் வளர்ந்து சம்பாதித்து, அந்த இசையைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். பார்வையாளர்கள் சின்னவர்களாகவே இருந்துவிடுவார்கள் என்று நினைத்தது யாருடைய தப்பு?

இந்த அலட்சியத்தால் ஒரு மனுஷிக்கு என்ன போனது என்பதையும் பார்க்க வேண்டும். வாக்கர் தனக்குக் கிடைத்த வாய்ப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. லொலிடா ரிட்மானிஸ், மைக்கேல் மெக்கிஸ்டியன், கிறிஸ்டோஃபர் கார்ட்டர் என்று இளையவர்களைக் கூட வைத்து வளர்த்தார். அவர்கள் பின்னாளில் சேர்ந்து ஏராளமான அனிமேஷன் தொடர்களுக்கு இசையமைத்தார்கள். ஆல்பம் என்பது இசையமைப்பாளருக்கு வெறும் வருமானம் மட்டுமில்லை, விசிட்டிங் கார்டு. அட்டையில் பெயர் இருந்தால்தான் அடுத்த தயாரிப்பாளர் கூப்பிடுவார், விமர்சகர் எழுதுவார், மாணவர் தேடிக் கேட்பார். அந்த அட்டை உயிரோடு இருக்கும்போது கிடைக்கவில்லை. 2007 ஆஸ்கர் விழாவில், மறைந்த திரைக் கலைஞர்களை நினைவுகூரும் பகுதியில்கூட அவர் பெயர் வரவில்லை.

‘அதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம்தான் ஆன்லைனில் கிடைக்கிறதே’ என்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 ஆகஸ்டில், வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி தன்னுடைய ஹெச்பிஓ மேக்ஸ் தளத்திலிருந்து ‘இன்ஃபினிட்டி ட்ரெயின்’, ‘சம்மர் கேம்ப் ஐலண்ட்’ உள்பட பல அனிமேஷன் தொடர்களைத் தூக்கியது. தொண்ணூறுகளில் பரணில் போட்டார்கள், இப்போது பரணே இல்லாமல் செய்கிறார்கள். சர்வரில் இருப்பதை ஒரு மேனேஜர் ஒரே நாளில் இல்லாமல் செய்துவிடலாம். யாரோ அலமாரியில் வைத்திருக்கும் அந்த 3000 சிடிக்களை அப்படிச் செய்ய முடியுமா? முடியவே முடியாது. ஆல்பம் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பதில்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குழந்தைகள் தொடரின் இசையை, அதை எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் பெயரை அட்டையில் பெரிதாகப் போட்டு வெளியிடுங்கள். வாசித்தவர்களுக்கு உரிய பணத்தைக் கொடுங்கள். ஒரு மனுஷன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்கிற ஆர்க்கெஸ்ட்ரா பெரும்பாலும் கச்சேரி மண்டபத்தில் இருப்பதில்லை, கார்ட்டூனுக்குப் பின்னால்தான் இருக்கிறது. காதைத் திறந்துவிட்டவருக்கு நன்றி சொல்லப் பதினாறு வருஷம் எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?