சத்தம் வராததும் ஒரு காவல்தான்

வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகத்து லினக்ஸ் சர்வருக்குள் நுழைகிறார் ஓர் ஊழியர். பயிற்சி வீடியோவைத் தட்டுகிறார். படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. ஒலி அமைப்பைத் திறந்தால் ‘டம்மி அவுட்புட்’ என்று ஒரே வரி. புகார் போகிறது. அட்மின் அவரை, ஒலிக்கருவிகளைத் தொட அனுமதியுள்ள ‘ஆடியோ’ குழுவில் சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

இந்தக் கைவைத்தியத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

லினக்ஸில் ஒலிக்கருவிகளும் கோப்புகளாகவே தெரியும். சவுண்டு கார்டின் கோப்புகளைப் பட்டியலிட்டால், பெயர் ‘பி’ என்று முடிவது ஒலிப்பதற்கு, ‘சி’ என்று முடிவது பதிவு செய்வதற்கு. இரண்டும் அதே ஆடியோ குழுவின் கையில்தான். ஸ்பீக்கரை மட்டும் கொடுத்து மைக்கைக் கொடுக்காமலிருக்க அந்தக் குழுவில் வழியில்லை. அதில் சேர்ந்தவர் தூரத்திலிருந்தே எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து ‘ஏரெக்கார்ட்’ கட்டளையை ஓட்டினால், மைக் இருக்கும் அறையில் பேசுவது அவருக்குப் பதிவாகிவிடும். சர்வருக்கு ஏது மைக் என்று கேட்கலாம். சின்ன அலுவலகங்களில் யாரோ ஒருவரின் மேஜைக்கடியில் கிடக்கும் டெஸ்க்டாப்தானே பல சமயம் சர்வர்! அதில் வெப்கேமும் செருகியிருக்கும்.

அந்தக் குழுவில் யாரையும் சேர்க்காவிட்டால், இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மட்டும், அவர் திரையில் இருக்கும் வரை மட்டும் ஒலிக்கருவியைத் திறந்துவிடுகிறது, உள்நுழைவுகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி. தூரத்திலிருந்து வருபவருக்கு அந்த இருக்கை கிடையாது. ஊழியர் பிழை என்று நினைத்தது உண்மையில் காவல்.

அப்படியானால் வீடியோவின் சத்தம்? அது போக வேண்டிய இடம் ஊழியரின் ஹெட்செட், பூட்டிய அறையிலிருக்கும் ஸ்பீக்கர் அல்ல. லினக்ஸில் ரிமோட் டெஸ்க்டாப் சேவை தரும் எக்ஸ்ஆர்டிபியைப் பயன்படுத்துவோருக்கு அதற்கென்றே ஒலி மாட்யூல் இருக்கிறது. லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோவுக்கு ஒன்று, 2021இல் ஃபெடோரா முன்னிருப்பாக மாறிக்கொண்ட பைப்வயருக்கு இன்னொன்று. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி மெய்நிகர் ஸ்பீக்கரை உருவாக்கி, அதே இணைப்பிலேயே ஒலியை வீட்டுக்கு அனுப்பிவிடும். சர்வரின் சவுண்டு கார்டை யாரும் தொடுவதே இல்லை.

அட்மின்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பல்ஸ்ஆடியோவுக்கான மாட்யூல் பல்ஸ்ஆடியோவின் பதிப்போடு ஒத்துப்போயாக வேண்டும். மூலநிரலை இறக்கித் தாங்களே கம்பைல் செய்தவர்களுக்கு, பதிப்பு மாறியதும் மறுபடி அதே வேலை. ஆடியோ குழுவில் சேர்க்கும் ஒற்றை வரிக் கட்டளையின் பக்கம் கை போவதில் வியப்பில்லை. லினக்ஸ் விநியோகங்கள் எக்ஸ்ஆர்டிபியோடு இந்த மாட்யூலையும் சேர்த்தே நிறுவித் தர வேண்டும்.

அதுவரை, ஆடியோ குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அட்மின்கள் ஒருமுறை பார்த்துவிடலாம். போன வருடம் வேலையை விட்டுப் போனவரின் கணக்கும் அதில் இருக்கக்கூடும்.