அரை மணி நேர வரி: கருணாபுரமும் வெள்ளிமலையும் கொடுக்கும் விலை

2024 ஜூன் 18 அன்று கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விற்கப்பட்ட சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அதைக் குடித்தவர்கள் கள்ளக்குறிச்சி, முண்டியம்பாக்கம், சேலம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் அடுத்தடுத்து இறந்தனர். 65-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இறந்தோரில் பெரும்பாலோர் தலித்துகள், அன்றாடக் கூலிகள். பெண்களும் அவர்களில் இருந்தனர். காவல் நிலையமும் நீதிமன்றமும் நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் ஒரு குடியிருப்பில் இது நடந்தது.

அன்றிலிருந்து இந்த நிகழ்வு ஒரு குற்ற வழக்காகவே பேசப்பட்டு வருகிறது. யார் விற்றார், யார் கலந்தார், எந்த அதிகாரி கண்டும் காணாமல் இருந்தார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. உயிருக்கே ஆபத்து என்று தெரிந்திருந்தும் ஒரு கூலித் தொழிலாளி ஏன் பாக்கெட் சாராயத்தை வாங்குகிறார்? இதற்கான விடையின் பெரும்பகுதி அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் பையின் அளவையும் அதிலிருந்து எடுக்கப்படும் தொகையையும் தீர்மானிப்பதில் அரசின் கொள்கைகளுக்குப் பெரும் பங்குண்டு.

கூலியும் குவார்ட்டரும்

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 2024 பிப்ரவரி 1 முதல் விலை உயர்த்தப்பட்டபோது சாதாரண ரக 180 மில்லி பாட்டிலின் விலை 130 ரூபாயிலிருந்து 140 ரூபாயானது. அந்த நிதியாண்டுக்கு அடுத்த 2024-25இல் நூறு நாள் வேலைத் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். முழுக் கூலியும் கைக்கு வந்தால்கூட, ஒரு குவார்ட்டர் வாங்கினால் அதில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் போய்விடும். நாளொன்றுக்கு ஒரு குவார்ட்டர் என்றால் மாதம் 4,200 ரூபாய். கள்ளச்சாராயப் பாக்கெட்டோ ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது. குடிநோய்க்கு ஆளான ஒருவருக்கு இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை விளக்கத் தேவையில்லை.

ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் நம் குடும்பங்களில் பட்டினி குறைந்திருக்கிறது. ஆனால் எண்ணெய், பருப்பு, எரிவாயு உருளை, வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், வாராவாரம் வாசலுக்கு வரும் குழுக் கடன் தவணை ஆகிய அனைத்துக்கும் ரொக்கம் வேண்டும். ஆணின் கூலியில் பாதி கடையில் கரைந்தபின் இவற்றைச் சமாளிக்கும் பொறுப்பு பெண்ணின் தலையில் விழுகிறது. அவர் இன்னொரு வீட்டு வேலைக்குப் போகிறார், இன்னொரு குழுவில் கடன் எடுக்கிறார். மதுவின் விலை உயரும்போது உண்மையில் கூடுதல் விலை கொடுப்பவர் குடிக்காத அந்தப் பெண்தான்.

ஏழு பாட்டில் உரிமை

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், தாமாகவே வரி விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குச் சில பொருள்களில்தான் எஞ்சியது. மனிதர் அருந்தும் மது அவற்றில் ஒன்று. எனவே நிதி நெருக்கடி வரும்போதெல்லாம் மாநில அரசுகள் மதுவின் பக்கம் திரும்புகின்றன. இதில் ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் வேறுபாடு இல்லை. கடைகளை அரசே நடத்தத் தொடங்கியது ஒரு கட்சி, அவற்றின் வருவாயைப் பெருக்கியது மற்றொரு கட்சி.

ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 2022-23இல் 44,121 கோடி ரூபாய். 2023-24இல் 45,855 கோடி. 2024-25இல் 48,344 கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் இது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கருணாபுரத்தில் பிணங்கள் வரிசையாகக் கிடத்தப்பட்ட நிதியாண்டிலும் இந்த வருவாய் ஏறத்தாழ 2,500 கோடி கூடியது.

2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வழங்கப்படுகிறது. இத்திட்டத்தை இலவசம் என்று இகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஊதியமில்லாத உழைப்புக்கு அரசு தரும் ஓர் அங்கீகாரம் அது; நம் பெண்களின் கையில் அந்தப் பணம் அரிசிக்கும் மருந்துக்கும் பயன்படுகிறது. ஆனால் கணக்கைக் கணக்காகப் பார்க்க வேண்டும். 1,000 ரூபாய் என்பது ஏழு குவார்ட்டர் பாட்டில்களின் விலை. 2024-25 நிதிநிலை அறிக்கை இத்திட்டத்துக்கு ஒதுக்கியது 13,720 கோடி ரூபாய். குடும்பங்களுக்கு இத்திட்டம் திருப்பித் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மது வரியாக மூன்று ரூபாய்க்கு மேல் வசூலிக்கப்படுகிறது. இந்த வசூலின் பாரம் வருமானத்தின் விகிதத்தில் ஏழைகள் மீதே அதிகம் விழுகிறது. செல்வந்தருக்கு ஒரு பாட்டில் அவரது நாள் வருமானத்தின் துளி. கூலிக்காரருக்கு அது அரை நாள் உழைப்பு.

2023 ஜூன் 22 அன்று அரசு 500 கடைகளை மூடியது. வரவேற்கத்தக்க நடவடிக்கை. ஆனால் கடையை மூடுவதாலோ விலையை உயர்த்துவதாலோ குடிநோய் குணமாகிவிடாது. சிகிச்சை இல்லாத இடத்தில் இவ்விரு நடவடிக்கைகளும் நோயாளியை மலிவான சரக்கை நோக்கித் தள்ளும். 2023 மே மாதத்திலேயே மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனாலுக்குப் பலியானார்கள். அந்த எச்சரிக்கைக்கும் கருணாபுரத்துக்கும் இடையில் ஓராண்டு இருந்தது.

மலையின் மீது சுமத்தப்பட்ட பழி

மரணங்களுக்குப் பிறகு காவல்துறையின் பார்வை கல்வராயன் மலை மீது குவிந்தது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் சோதனைகள் பெருகின. ஊறல்கள் அழிக்கப்பட்ட படங்கள் நாள்தோறும் வெளிவந்தன. மலையில் சாராயம் காய்ச்சப்பட்டது உண்மை. வெல்லமும் கடுக்காய் மரப்பட்டையும் போட்டு ஊற வைத்துக் காய்ச்சும் பழக்கம் அங்கு நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் உயிர்களைப் பறித்த மெத்தனால் எந்த ஊறலிலிருந்தும் வந்ததன்று. அது தொழிற்சாலைகளுக்கான வேதிப்பொருள். உரிமம் பெற்றவர்களிடம் மட்டும் இருக்க வேண்டியது. அதன் கையிருப்பையும் நகர்வையும் கண்காணிக்கும் கடமை சமவெளியில் உள்ள அலுவலகங்களுக்கு உரியது. ஒழுங்குமுறையின் தோல்விக்கு ஒரு பழங்குடி மலை முழுவதையும் முகமாக்குவது எளிதாக இருந்தது.

மலையில் ஏன் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று கேட்டால் மறுபடியும் கொள்கைக்கே வந்து சேர்வோம். மலையாளி பழங்குடியினர் வாழும் இம்மலை விடுதலைக்குப் பின்னும் ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்து, 1976இல்தான் முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பரில். இன்று மலை விவசாயிக்குப் பணம் தரும் முதன்மைப் பயிர்களில் ஒன்று மரவள்ளி. அதன் விலையை மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ கணக்கில் நிர்ணயிப்பவை சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளும் இடைத்தரகர்களும். விலை சரிந்தால் லாரி வாடகைகூட மிஞ்சாது. அப்போது குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

கடுக்காயை எடுத்துக்கொள்வோம். வன உரிமைச் சட்டம், 2006இன் பிரிவு 3(1)(இ) சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடி மக்களுக்கு உரிமை அளிக்கிறது. ஒன்றிய அரசு 2013-14இல் தொடங்கிய குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தின் முதல் பட்டியலிலேயே கடுக்காய் இடம்பெற்றது. உரிமைப் பட்டாவும் ஊருக்குள் கொள்முதல் நிலையமும் நியாய விலையும் இருந்தால் அதே மரம் ஒரு குடும்பத்துக்குச் சட்டப்படியான வருமானம் தரும். அவை இல்லாத இடத்தில் அதன் பட்டை ஊறலுக்குப் போகிறது. மதுவிலக்கு வழக்குகளில் நான் நீதிமன்றத்தில் காண்பவர்கள் பெரும்பாலும் கேன் சுமந்தவர்களும் காய்ச்சிக் கொடுத்தவர்களும்தான். பிணைக்கு ஆள் தேடி அவர்களது குடும்பங்கள் மேலும் கடனாளிகளாகின்றன. முதலீடு செய்தவரை அங்கே காண்பது அரிது.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் சமூக, பொருளாதார நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், குடும்ப அட்டை என்று ஒவ்வொன்றாக அரசிடம் கேள்வி எழுப்பப்பட்டது. அடித்தட்டுச் சமூகங்களின் வறுமையையும் கள்ளச்சாராயத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்த அணுகுமுறை அது. சட்டமன்றம் செய்ய வேண்டியதை நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

பத்து லட்சம் யாருக்கு?

இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டதும், குடித்துச் செத்தவனுக்கு மக்கள் வரிப்பணமா என்ற ஏளனம் எழுந்தது. வரி என்றே பேசுவோம். 48,344 கோடியை நாள் கணக்கில் பிரித்தால் ஏறத்தாழ 132 கோடி வரும். நண்பகல் 12 முதல் இரவு 10 வரை கடை திறந்திருக்கும் பத்து மணி நேரத்தில் மணிக்கு 13 கோடி. கருணாபுரத்தின் இறப்புகளுக்குத் தரப்பட்ட மொத்த இழப்பீடும் ஏறத்தாழ அரை மணி நேர மது வரிக்குச் சமம். அந்த வரியில் இறந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டியதும் அடங்கும். எனவே இந்தத் தொகை யாருடைய பிச்சையும் இல்லை. அரசியலமைப்பின் 21-ஆவது உறுப்பு காக்கச் சொல்லும் உயிரைக் காக்கத் தவறியதற்கான பொறுப்பு அது.

2024 ஜூன் 29 அன்று மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் சிறையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்யப்பட்டது. அதே நாளில் டாஸ்மாக் மதுவில் ‘கிக்’ போதாததால்தான் சிலர் கள்ளச்சாராயத்தை நாடுகிறார்கள் என்ற பொருளில் மூத்த அமைச்சர் துரைமுருகன் அவையில் பேசினார். கடும் தண்டனை ஒரு கையில், இந்த விளக்கம் மறு கையில். விலை, கூலி, சிகிச்சை ஆகிய மூன்றும் விவாதத்தில் பின்னுக்குப் போயின. 2024 நவம்பர் 20 அன்று உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐக்கு மாற்றியது. அதை எதிர்த்து மாநில அரசு செய்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே தள்ளுபடி செய்தது.

நாம் கேட்க வேண்டியவை

முழு மதுவிலக்கு வேண்டும், வேண்டாம் என்ற விவாதம் நீண்ட காலமாகத் தொடர்கிறது. 47-ஆவது உறுப்பு மதுவிலக்கை நோக்கிச் செல்லுமாறு அரசுக்கு வழிகாட்டுகிறது. 46-ஆவது உறுப்பு பட்டியலினத்தவர், பழங்குடியினரின் பொருளாதார நலனைச் சிறப்புக் கவனத்துடன் பேணச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உடனடிக் கோரிக்கைகள் சில தெளிவாகும்.

மது வருவாயில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டைச் சட்டத்தின் வழியே குடிநோய்ச் சிகிச்சைக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும், வெள்ளிமலையிலும், மறுவாழ்வுப் பிரிவு இருக்க வேண்டும். மெத்தனாலின் ஒவ்வொரு லிட்டரும் ஆலையிலிருந்து பயன்பாடு வரை கணக்கில் வர வேண்டும். கல்வராயன் மலையில் நிலுவையிலுள்ள வன உரிமைக் கோரிக்கைகளைக் கிராம சபைகள் வழியே முடித்து, கடுக்காய்க்கும் மரவள்ளிக்கும் அரசு கொள்முதலை மலைக்கே கொண்டுவர வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்காக 2024இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்கீழ் ஒதுக்கப்படும் நிதியில் கருணாபுரத்துக்கும் வெள்ளிமலைக்கும் வந்தது எவ்வளவு என்பதை மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இந்தக் கடைசிக் கணக்கை யாரும் தாமாக நமக்குத் தர மாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போதும். கள்ளக்குறிச்சியிலும் சேலத்திலும் படிக்கும் மாணவர்கள் அந்த மனுவை எழுதத் தொடங்கலாம். வரைவு எழுதித் தர வழக்கறிஞர்களாகிய நாங்கள் இருக்கிறோம்.