சுவருக்குள் மறையும் கம்பிகள்



புதுவீடு கட்டும் நாம், வாசற்கதவின் தேக்குக்கும் தரையின் வழவழப்புக்கும் காட்டும் அக்கறையில் பாதியையேனும் மின்கம்பிகளுக்குக் காட்டுவதில்லை. சுவர் பூசியபின் அவற்றைக் காண்பார் யார் என்பது நம் எண்ணம். குடிபுகும் நாள் நெருங்கிவிட்டதெனப் பணியாளரை விரட்டுவோரும் நாமே.

குழாயினுள் கம்பிகளை நெருக்கித் திணித்தலாகாது. மின்னோட்டத்தால் கம்பி சூடேறும். அச்சூடு தணிய இடம் வேண்டும். விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதும். குளிர்சாதனக் கருவிக்கு 4 இடுவது வழக்கம். பின்னாளில் வாங்கப்போவதையும் இப்போதே எண்ணிக் குழாயின் அளவைத் தெரிதல் நன்று. நெருக்கடியில் வலிந்து இழுத்தால் மேலுறை உரசிக் கிழியும். கிழிந்ததை எவரும் காணார். குழாய்க்குள் கம்பி முடிச்சுகளும் கூடா.

குழாய் மெயின் பெட்டியில் நுழையும் இடத்தையே நாம் நின்று பார்க்கவேண்டும். இரும்புப் பெட்டியாயின் துளையின் விளிம்பு கத்தியை ஒத்தது. அங்கே ‘புஷ்’ எனப்படும் வளையம் பொருத்தியுள்ளனரா? சில ரூபாய்ப் பொருள்தான். அஃது இல்லையேல் நாளடைவில் உறை அறுபட்டுப் பெட்டியிலேயே மின்சாரம் ஏறக்கூடும். எர்த் கம்பியும் இணைக்கப்படாதிருப்பின், தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. எஞ்சிய துளைகளை அடைத்துவிடுக. பல்லிகளுக்கு அப்பெட்டி மிகவும் பிடித்த இடம்!

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று பெட்டிக்குள் கைவிடுவோர் உளர். மீட்டரிலிருந்து அந்தச் சுவிட்சுவரை வரும் கம்பியில் அப்போதும் 230 வோல்ட் இருந்துகொண்டேயிருக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளரையே அழையுங்கள். பூசுவதற்கு முன் குழாய்கள் செல்லும் வழியை நிழற்படம் எடுத்து வையுங்கள். பின்னர்ச் சுவரில் ஆணியடிக்கும்போது உதவும்.